பாரதம் கேட்டலும் படித்தலும்: வில்லியனூர், பாகூர் வட்டாரத்தில் தொலைக்காட்சிக்கு முன்னும் பின்னும்

புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் கிராமப்புறங்களில் மகாபாரதம் நெடுங்காலமாகக் காதால் கேட்கப்பட்டும் கண்ணால் பார்க்கப்பட்டும் வந்த கதை. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் தெருக்கூத்தும் நடைபெறும். 1988க்குப் பிறகு இவற்றுடன் தொலைக்காட்சித் தொடரும் சேர்ந்துகொண்டது. தொடரைப் பார்த்தவர்களில் ஒரு பகுதியினர் பின்னர் நூலைத் தேடிப் படிக்கத் தொடங்கினர். இந்நான்கும் ஒன்றையொன்று எவ்வாறு பாதித்தன என்பதே இக்கட்டுரையின் பொருள்.

தொலைக்காட்சி வந்தது, கூத்தும் பிரசங்கமும் அழிந்தன என்று சுருக்கமாகச் சொல்லிவிடுவது வழக்கமாகிவிட்டது. நடந்தது அவ்வளவு எளிமையானதன்று. கேட்போரின் எண்ணிக்கையைவிட முக்கியமான வேறொன்று மாறியது. எது சரியான பாரதம் என்ற கேள்வி ஊருக்குள் புகுந்தது.

ஊரும் எல்லையும்

புதுச்சேரிப் பகுதியில் அரியாங்குப்பம், பாகூர், மண்ணாடிப்பட்டு, நெட்டப்பாக்கம், வில்லியனூர் என ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகள் உள்ளன. கொம்யூன் என்ற சொல்லே பிரெஞ்சு ஆட்சி விட்டுச்சென்றது. 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியான இணைப்பு நிறைவேறியது. இணைப்புக்கு முந்தைய வாக்கெடுப்பு நடந்த கீழூர், வில்லியனூரை அடுத்துள்ள சிற்றூர்தான்.

நிலப்படத்தில் பார்த்தால் இப்பகுதி ஒரே துண்டாக இருக்காது. பாகூர் பக்கம் நடந்து போனால் கடலூர் மாவட்டம் வரும், சற்றுத் தொலைவில் மறுபடி புதுச்சேரி வரும். பிரெஞ்சுக்காரர் காலத்தில் இவ்விடங்களில் சுங்கச் சாவடிகள் இருந்தன. ஆட்சிகள் பிரிந்திருந்தாலும் கோயில் வழிபாடு பிரியவில்லை. செஞ்சி, திண்டிவனம், விழுப்புரம், கடலூர் என விரியும் பழைய தென்னார்க்காட்டின் திரௌபதி வழிபாட்டு வட்டத்துக்குள்தான் இக்கொம்யூன்களும் அடங்கும். அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் இவ்வழிபாட்டை ஆராய்ந்து 1988லும் 1991லும் இரு பெருந்தொகுதிகள் வெளியிட்டார். செஞ்சியையும் அதன் அருகிலுள்ள மேலச்சேரியையும் இவ்வழிபாட்டின் மையமாக அவர் கொண்டார். மேலச்சேரியிலிருந்து வில்லியனூருக்கு மாட்டுவண்டியில் வந்துவிடக்கூடிய தொலைவுதான்.

பாகூர் நெல் விளையும் ஊர். ஊசுட்டேரிக்கு அடுத்துப் புதுச்சேரியின் பெரிய ஏரி பாகூர் ஏரியே. அறுவடை முடிந்து வயல் காய்ந்து கிடக்கும் கோடையில்தான் திரௌபதி அம்மன் திருவிழாக்கள் மிகுதி. வேலை இல்லாத நாட்களில், பிற்பகல் வெயிலில், பந்தல் நிழலில் உட்கார்ந்து கேட்பதற்கென்றே அமைந்த கதைநேரம் அது.

ஓதும் மரபின் பழமை

கோயிலில் பாரதம் வாசிக்க மானியம் விடும் வழக்கம் பல்லவர் காலத்திலேயே உண்டு. காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்தில் கிடைத்த, முதலாம் பரமேசுவரவர்மனின் 7ஆம் நூற்றாண்டுச் செப்பேடு, அவ்வூர் மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கென ஒரு பங்கை ஒதுக்குகிறது. 9ஆம் நூற்றாண்டில் மூன்றாம் நந்திவர்மன் காலத்தில் பெருந்தேவனார் பாரத வெண்பாவைப் பாடினார். பாட்டும் உரைநடையும் கலந்த அந்நூலின் நடையைப் பார்த்தால், படித்துச் சொல்வதற்கென்றே செய்யப்பட்டது போலத் தோன்றும்.

அந்த நந்திவர்மனின் மகன் நிருபதுங்கவர்மன். பாகூரில் கிடைத்த செப்பேடு இவனுடைய 8ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. பாகூரில் இயங்கிய வித்யாஸ்தானம் என்னும் உயர்கல்விச் சாலைக்கு மூன்று ஊர்கள் தானமாக விடப்பட்ட செய்தியை அது வடமொழியிலும் தமிழிலும் சொல்கிறது. பாரதம் ஓதுவதைப் பற்றி அதில் குறிப்பில்லை. ஆனாலும், தந்தை காலத்தில் தமிழில் பாரதம் பாடப்பட்டது, மகன் காலத்தில் பாகூரில் கல்விச்சாலைக்கு நிலம் விடப்பட்டது என்னும் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் உரிமை இவ்வூர் மாணவருக்கு உண்டு.

பிரசங்கத்துக்குப் பயன்படும் நூல் பெருந்தேவனாருடையது அன்று, வில்லிபுத்தூரார் பாரதம். வில்லிபுத்தூரார் திருமுனைப்பாடி நாட்டுச் சனியூரில் பிறந்தவர். வக்கபாகை வரபதி ஆட்கொண்டான் ஆதரவில் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்களில் பாரதத்தைப் பத்துப் பருவங்களாகப் பாடினார். திருமுனைப்பாடி நாடு என்பது இந்தக் கடலூர், விழுப்புரம் வட்டாரம்தான். ஆகவே பாகூர் பந்தலில் வில்லியைப் பாடும்போது, அண்டை வீட்டுப் புலவரைப் பாடுவதாகவே கொள்ளலாம். 18ஆம் நூற்றாண்டில் செஞ்சி அருகே முதலம்பட்டில் பிறந்த நல்லாப்பிள்ளை, வில்லியின் பாடல்களையும் சேர்த்துக்கொண்டு பதினெட்டுப் பருவங்களுக்கும் ஏறத்தாழ 14,000 பாடல்களில் பாரதம் செய்தார். பெரிய நூல், ஆனால் பந்தலில் வில்லிக்குக் கிடைத்த இடம் இதற்குக் கிடைக்கவில்லை. வில்லியின் சந்தம் அப்படிப்பட்டது.

இவற்றுக்கும் வெளியே இன்னொரு பாரதம் இருந்தது. அல்லி அரசாணி மாலை, பவளக்கொடி மாலை, புலந்திரன் களவு மாலை முதலிய பெரிய எழுத்துப் புத்தகங்கள் சந்தையிலும் திருவிழாக் கடையிலும் விற்றன. இரத்தின நாயகர் அண்டு சன்ஸ், ஆர்.ஜி. பதி கம்பெனி ஆகிய சென்னைப் பதிப்பகங்கள் இவற்றையும் கூத்து நாடகங்களையும் மலிவு விலையில் அச்சிட்டன. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து இராகம் போட்டுப் படிக்க, தெரு கேட்கும். வியாசருக்கு அல்லியைத் தெரியாது. கேட்டவர்களுக்கு அது ஒரு குறையாகவும் படவில்லை.

பாரதி 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் இருந்த காலத்தில் எழுதியதே பாஞ்சாலி சபதம். அதன் முதற்பாகம் 1912இல் வெளிவந்தது. பாரதக் கதை முழுவதையும் விட்டுவிட்டு, சூதும் துகிலுரிதலும் சபதமும் மட்டும் எடுத்துக்கொண்டார். கூத்தில் மிகப் பெரிய கூட்டம் கூடும் இரவுகளில் ஒன்றும் துகிலுரியும் இரவுதான் என்பதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும்.

பகலில் பந்தல், இரவில் களரி

கொடியேற்றிக் காப்புக் கட்டியபின் பிரசங்கம் தொடங்கும். ஊரின் வசதிக்கேற்பப் பத்து நாளும் நடக்கலாம், பதினெட்டு, இருபது நாளும் நடக்கலாம். பிரசங்கியார் மேடையில் அமர்ந்து வில்லியின் விருத்தத்தை இராகத்தோடு பாடுவார், பதம் பிரிப்பார், பொருள் சொல்வார், அதிலிருந்து ஊர் வழக்குக்கும் நாட்டு நடப்புக்கும் தாவி, சிரிக்க வைத்து, விட்ட இடத்துக்குத் திரும்புவார். பின்பாட்டுக்காரர் ஒருவர் இருப்பார். ஆர்மோனியமும் மத்தளமும் துணை. பெரும்பாலும் கேட்போர் பெண்களும் முதியவர்களும்.

இரவு சாப்பாடு முடிந்தபின் கூத்து. விடியும்வரை நடக்கும். பகடை துகில், அர்ச்சுனன் தபசு, அபிமன்னன் சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று இரவுக்கொரு நாடகம். முந்தைய நாட்களில் பந்தலில் கேட்ட கதை களரியில் வேடம் கட்டி வரும். தொடர்கதை, தொடர்நாடகம் என்பவை பத்திரிகையும் தொலைக்காட்சியும் கொண்டுவந்த புதுமைகள் என்று எண்ணுவோர் இந்த ஏற்பாட்டைக் கவனித்ததில்லை போலும்.

சில நாட்களில் பந்தலுக்கும் களரிக்கும் நடுவே ஊரே கதைக்குள் இறங்கிவிடும். திரௌபதி திருமணத்தன்று சீர்வரிசைத் தட்டுகள் வரும். உற்சவர்க்குத் தாலி கட்டுவார்கள். பகாசுரன் வதத்தன்று வண்டிச் சோறு புறப்படும். தபசு மரத்தில் அர்ச்சுனன் வேடதாரி பாடிக்கொண்டே ஏறி மேலிருந்து எறியும் எலுமிச்சம்பழத்துக்காகப் பிள்ளைவரம் வேண்டும் பெண்கள் முந்தானை ஏந்தி நிற்பார்கள். விராட பருவத்துக்கு மாடுபிடி உண்டு. விராட பருவம் படித்தால் மழை வரும் என்பது இவ்வட்டாரத்தில் மட்டுமல்லாது தமிழ்நாடெங்கும் உள்ள நம்பிக்கை. ஏரிப் பாசன ஊர்களில் அது வெறும் நம்பிக்கையாக மட்டும் இருக்கவில்லை, வேண்டுதலாகவே நடந்தது.

இறுதியில் படுகளம். மண்ணால் மிகப் பெரிய துரியோதனன் உருவம் மல்லாந்த நிலையில் செய்யப்படும். வீமன் வேடதாரி அதன் தொடையில் அடிப்பார். செந்நிறம் எடுத்துத் திரௌபதியின் கூந்தல் முடிக்கப்படும். துரியோதனனின் மனைவி பெருந்திருவாள் ஒப்பாரி வைப்பாள். அன்று மாலை தீமிதி. பின்பு தருமர் பட்டாபிஷேகம்; பாரதம் நிறைவு.

இந்த ஒப்பாரியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வில்லி தம் நூலைச் சௌப்திக பருவத்தோடு நிறுத்திவிட்டார். அதற்கடுத்த ஸ்திரீ பருவம், போர்க்களத்தில் பெண்கள் கூடி அழும் பருவம், அவர் நூலில் இல்லை. பந்தலில் பாடலாக வராத அந்த அழுகை படுகளத்து மண்மேட்டில் வந்துவிடுகிறது. வென்ற பக்கத்துக்குக் கோயில் கட்டிய ஊர், தோற்ற பக்கத்துப் பெண்ணுக்கும் அழ இடம் கொடுத்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைக் காலைகள்

தூர்தர்சனில் இராமானந்த் சாகரின் இராமாயணம் 1987 ஜனவரியில் தொடங்கி 1988 ஜூலையில் முடிந்தது. பி.ஆர். சோப்ராவின் மகாபாரதம் 1988 அக்டோபர் 2 முதல் 1990 ஜூன் 24 வரை ஞாயிறுதோறும் வந்தது. மொத்தம் 94 பகுதிகள். வசனம் எழுதியவர் இந்தி, உருது எழுத்தாளரான ராகி மாசூம் ரசா. மொழி இந்தி.

அந்த இந்தி இங்கே எப்படிப் போயிற்று என்று பிற மாநிலத்தவர் வியந்ததுண்டு. வியப்புக்கு இடமில்லை. கதையை முன்பே பத்துத் தடவை கேட்டவர்களுக்கு வசனம் தேவைப்படவில்லை. தாயம் உருள்வதைப் பார்த்தாலே யார் தோற்பார் என்று தெரியும். தொலைக்காட்சிப் பெட்டி இருந்த வீட்டுக் கூடத்தில் தெருப்பிள்ளைகள் அமர்ந்திருக்க, வயதானவர் ஒருவர் பின்னால் இருந்து கதை சொல்லிக்கொண்டே வருவார். பந்தலில் பிரசங்கியார் செய்த வேலையைக் கூடத்தில் பாட்டி செய்தாள். தமிழ் மொழிமாற்றம் என்ற ஏற்பாடு வருமுன் நடந்த மொழிமாற்றம் இது.

பார்த்தவர்களின் கண்ணுக்கு இரு ஒற்றுமைகள் உடனே தெரிந்திருக்கும். கூத்தில் கதையை நடத்திச் செல்பவன் கட்டியங்காரன். சோப்ராவின் தொடரில் காலமே குரலாக வந்து கதையை நடத்தியது. கூத்தில் அரசன் திரைக்குப் பின் நின்று தன் பெருமையைப் பாடித்தான் வெளிப்படுவான். தொடரிலும் ஒவ்வொரு வீரனும் தன் பெயரைச் சொல்லி முழங்கித்தான் அம்பை எடுத்தான். வேறுபாடு, கட்டியங்காரன் கிண்டல் செய்வான். காலம் கிண்டல் செய்யாது. தொடரில் கிராமத்துச் சிரிப்பு போய்விட்டது.

2013இல் நிலைமை மாறியது. அவ்வாண்டில் சன் தொலைக்காட்சியில் ஒரு மகாபாரதமும், இந்தியில் ஸ்டார் பிளஸ் ஒளிபரப்பிய புதிய மகாபாரதத்தின் தமிழ் வடிவம் விஜய் தொலைக்காட்சியிலும் தொடங்கின. இவை தமிழிலேயே பேசின. வாரம் ஒருமுறை பார்த்தது போய், விஜயில் வார நாட்களில் இரவுதோறும் பார்க்கும் கதையாயிற்று. அதாவது கூத்து நடக்கும் நேரத்தைத் தொலைக்காட்சி எடுத்துக்கொண்டது. 1988இல் கேட்க வேண்டியிருந்த கதைசொல்லி இப்போது வீட்டில் தேவைப்படவில்லை; பாட்டியின் வேலையும் போயிற்று. மரபுக்கு நேர்ந்த உண்மையான இழப்பு இந்த இரண்டாம் அலையில்தான் என்று கொள்ளலாம். 2020 ஊரடங்கின்போது தூர்தர்சன் பழைய இராமாயணத்தையும் மகாபாரதத்தையும் மறுபடி ஒளிபரப்பியது. கோயில்களில் விழா நின்றிருந்த கோடை அது.

எது சரியான பாரதம்

தொடரைப் பார்த்து வளர்ந்த பிள்ளை திருவிழாப் பந்தலுக்கு வந்தால் அதன் முதல் கேள்வி, இது டிவியில் வரவில்லையே என்பதாக இருக்கும். அரவான் களப்பலி அதற்குச் சரியான எடுத்துக்காட்டு.

வடமொழி மூலத்தில் அரவான், அருச்சுனனுக்கும் உலூபிக்கும் பிறந்தவன். எட்டாம் நாள் போரில் அலம்புசனால் கொல்லப்படுகிறான். அவ்வளவே. போருக்கு முன் காளிக்குத் தன்னையே பலி கொடுத்தான் என்ற கதை நமக்குக் கிடைக்கும் நூல்களில் முதலில் பெருந்தேவனார் பாரத வெண்பாவில்தான் காணப்படுகிறது. பிறகு வில்லியில் வருகிறது. கூத்தில் அது ஓர் இரவு முழுவதையும் நிறைக்கிறது. உளுந்தூர்பேட்டை அருகே கூவாகத்திலும், புதுச்சேரிப் பகுதியின் பிள்ளையார்குப்பத்திலும் கூத்தாண்டவர் கோயில் திருவிழாவாக நின்றிருக்கிறது; தாலி கட்டி, மறுநாள் அறுத்து அழும் திருநங்கையர்க்கு இதுவே தெய்வக் கதை. சோப்ராவின் தொடரில் இது இடம்பெறவில்லை. தொடரையே அளவுகோலாக வைத்தால் இவ்வளவும் பொய்க்கதை ஆகிவிடும். ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட தமிழ்ச் சான்று கையில் இருக்கும்போது அப்படி ஆக விடக் கூடாது.

போத்துராசா, முத்தால ராவுத்தர் ஆகிய காவல் தெய்வங்களும் இவ்வாறே. ராவுத்தர் ஒரு முஸ்லிம் வீரர். திரௌபதி அம்மன் கோயில்களில் அவருக்கு இடம் உண்டு. இவரை எந்தத் தொடரிலும் தேடிப் பயனில்லை.

மறுபக்கமும் உண்டு. தொடர் சொன்னது மூலத்தில் இருக்கும் என்று நம்பியவரும் ஏமாறுவர். மயன் கட்டிய மண்டபத்தில் துரியோதனன் நீரைத் தரையென எண்ணி விழுந்தபோது பாஞ்சாலி சிரித்து, குருடன் மகனும் குருடன் என்று இழித்துச் சொன்னாள். அதனால்தான் போரே வந்தது என்பது சோப்ராவின் தொடர் ஊருக்கு ஊர் பரப்பிய செய்தி. வியாச பாரதத்தில் அந்நிகழ்ச்சி சொல்லப்படும் இடத்தில் சிரிப்பவர்கள் வீமனும் அருச்சுனனும் இரட்டையரும் பணியாளரும்தான். பாஞ்சாலியும் சிரித்தாள் என்பது பின்னர் துரியோதனன் தந்தையிடம் முறையிடும்போது அவன் வாயிலிருந்து வருகிறது. பொறாமையில் வெந்துகொண்டிருப்பவன் சொல்லும் சாட்சி அது. அதை நிகழ்ச்சியாகவே காட்டிவிட்டால், ஒரு பேரழிவின் பழி முழுவதும் ஒரு பெண்ணின் சிரிப்பில் போய் விழுகிறது. நூலைப் படித்தவருக்கு இந்த வேறுபாடு புலப்படும். பார்த்ததோடு நின்றவருக்குப் புலப்படாது. வகுப்பறையில் மாணவிகள் முன் இக்கதையைச் சொல்லும் ஆசிரியருக்கு இது சிறிய வேறுபாடு அன்று.

அதே அளவுகோலால் கூத்தையும் அளக்கத்தான் வேண்டும். துரியோதனன் குருதி பூசித்தான் கூந்தல் முடிப்பேன் என்ற பாஞ்சாலியின் சபதம் வியாசரிடம் இல்லை. தொடையைப் பிளப்பேன், துச்சாதனன் நெஞ்சைப் பிளந்து குருதி குடிப்பேன் என்று அங்கே சபதம் செய்பவன் வீமன். தமிழ் மரபில் சபதம் பெண்ணுக்கு வந்துவிட்டது. அவள் அதனாலேயே அம்மனும் ஆனாள். எனவே மூலத்தில் உண்டா என்பது ஒரு கேள்வி. இந்த ஊர் இதை ஏன் இப்படிச் சொல்லிற்று என்பது வேறு கேள்வி. முதற் கேள்வியைப் பூனா பண்டார்க்கர் நிறுவனம் 1919 முதல் 1966 வரை சுவடிகளை ஒப்பிட்டு வெளியிட்ட செம்பதிப்பைக் கொண்டு தீர்க்கலாம். இரண்டாம் கேள்விக்குப் பந்தலில்தான் உட்கார வேண்டும்.

திரையிலிருந்து நூலுக்கு

திரையில் பார்த்துவிட்டு நூலைத் தேடுவது உலகெங்கும் உள்ள பழக்கம். அமெரிக்க எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின் 1996 முதல் எழுதிவந்த மாயப்புனைவு நாவல் வரிசை 2011 முதல் 2019 வரை ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ எனத் தொலைக்காட்சியில் வந்தபின் பல மடங்கு வாசகரைப் பெற்றது. அங்கே நூல் முடியுமுன் தொடர் முடிந்துவிட்டது. தமிழில் கல்கியின் பொன்னியின் செல்வன் 2022, 2023ஆம் ஆண்டுத் திரைப்படங்களுக்குப் பின் மறுபடி விற்றதும் ஒலிநூலாகக் கேட்கப்பட்டதும் அண்மைச் செய்தி. மகாபாரதத்தின் நிலை வேறு. நூல் முடிந்து ஆயிரமாயிரம் ஆண்டுகள் ஆயின. முழுவதும் படித்தவர் எக்காலத்திலும் குறைவு.

முழு வியாச பாரதத்தையும் தமிழ் உரைநடையில் தந்த முதற்பெரும் முயற்சி, ம.வீ. இராமானுஜாசாரியார் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பண்டிதர் பலரைக் கொண்டு மொழிபெயர்த்துப் பதிப்பித்த கும்பகோணம் பதிப்பு. அச்சில் அதை வாங்கி வைக்கும் வசதி எல்லா வீட்டுக்கும் இல்லை. பெரும்பாலோர் கையில் இருந்தது இராஜாஜியின் வியாசர் விருந்து. அது சுருக்கம். சோ துக்ளக்கில் எழுதிய மகாபாரதம் பேசுகிறது, சுருக்கத்துக்கும் முழுமைக்கும் நடுவில் நின்றது. கலை பண்பாட்டுத் துறையின் கிளை நூலகங்கள் கொம்யூன்களில் உள்ளன. 1827இல் தொடங்கிய ரோமன் ரோலந்து நூலகம் நகரில் உள்ளது. ஆயினும் பதினெட்டுப் பருவங்களை இரவல் வாங்கிப் படித்து முடிப்பது பெரும் பொறுமை வேண்டும் செயல்.

2013 ஜனவரியில் செ. அருட்செல்வப் பேரரசன், கிசாரி மோகன் கங்குலியின் 19ஆம் நூற்றாண்டு ஆங்கில மொழிபெயர்ப்பை அத்தியாயம் அத்தியாயமாகத் தமிழாக்கி இணையத்தில் இலவசமாக வெளியிடத் தொடங்கினார். 2020 ஜனவரியில் முடித்தார். புதிய தொடர்கள் வீட்டுக்குள் வந்த அதே ஆண்டில் தொடங்கியது இதன் பேறு. இரவில் ஒரு காட்சியைப் பார்த்துவிட்டு, அது உண்மையில் எப்படி என்று கைப்பேசியில் தேடியவர்க்கு விடை தமிழில் கிடைத்தது. எழுதப்பட்டதைத் தன்னார்வலர்கள் வாசித்து ஒலிப்பதிவும் செய்ததால், கண்பார்வை மங்கியவர்களும் வண்டியோட்டுபவர்களும் கேட்க முடிந்தது. 2014 ஜனவரி 1 அன்று ஜெயமோகன் வெண்முரசு நாவல் வரிசையைத் தம் தளத்தில் நாளொரு அத்தியாயமாக எழுதத் தொடங்கினார். முதற்கனலில் தொடங்கி முதலாவிண்ணில் முடிந்த அவ்வரிசை 26 நூல்கள். 2020 ஜூலையில் நிறைவுற்றது. இது மொழிபெயர்ப்பன்று, பாரதத்தை அடியாகக் கொண்ட புனைவு. இரண்டையும் ஒன்றென எண்ணி மேற்கோள் காட்டும் மாணவர் இருக்கிறார்கள். அந்தத் தவறு கூடாது.

தொடரிலிருந்து நூலுக்கு வருபவர் வழக்கமாக இடறும் இடம் சாந்தி பருவம். போர் முடிந்துவிட்டது; இனி என்ன என்று நினைக்கும்போது, அம்புப் படுக்கையில் கிடக்கும் வீடுமர் தருமனுக்கு அரசநீதி சொல்லத் தொடங்குவார். பதினெட்டுப் பருவங்களுள் மிகப் பெரியது இதுதான். பலர் இங்கே மூடி வைத்துவிடுகின்றனர். ஒலியாகக் கேட்பவர் ஓரளவு தப்பிக்கிறார்; பிரசங்கத்துக்குப் பழகிய காதுக்கு உபதேசம் புதிதன்று.

இங்கிருந்து போனவர்களின் பாரதம்

19ஆம் நூற்றாண்டில் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர் ரெயூனியன் தீவுக்கும் பிற பிரெஞ்சுக் குடியேற்றங்களுக்கும் கப்பலேறினர். கரும்புத் தோட்டங்களில் தீமிதியும் பாரதக் கூத்தும் நின்றன. ரெயூனியனில் அக்கூத்துக்குப் பிரெஞ்சில் ‘பால் தமூல்’, அதாவது தமிழ் ஆட்டம் என்று பெயர். ஊர்ப் பேச்சில் ‘நார்ல்கோன்’ என்பர். நாடகம் என்ற சொல்லின் திரிபு அது. தமிழ் பேச மறந்த தலைமுறையினரும் பாட்டை ஒலியாகவே மனப்பாடம் செய்து பாடினர். பொருள் தெரியாமல் இந்தித் தொடரைப் பார்த்த வில்லியனூர்க் கூடத்துக்கும் இதற்கும் ஓர் உறவு இருக்கிறது. சிங்கப்பூர் மாரியம்மன் கோயில் தீமிதியும், இலங்கையில் உடப்பு, பாண்டிருப்பு திரௌபதி அம்மன் கோயில்களும் இதே வழிபாட்டின் கிளைகள்.

பட்டாபிஷேகத்துக்குப் பின்

பந்தல் பாரதம் பட்டாபிஷேகத்தோடு முடிகிறது. சோப்ராவின் தொடர் பட்டாபிஷேகத்துக்குப் பின் வீடுமர் உயிர் நீத்ததோடு முடிந்தது. விஜயில் வந்ததும் முடிசூட்டலைத் தாண்டிப் போகவில்லை. வில்லியோ அதற்கும் முன்னமே நிறுத்திக்கொண்டார். கண்ணனின் குலத்தார் குடித்துவிட்டுத் தம்முள் அடித்துக்கொண்டு சாவதும், துவாரகையைக் கடல் கொள்வதும், அருச்சுனனின் காண்டீவம் பலனின்றிப் போவதும், பாண்டவர் ஒவ்வொருவராக வழியில் விழுவதும் பந்தலில் பாடப்படுவதில்லை. மங்களமாக முடிக்க வேண்டிய இடத்தில் அவற்றைப் பாடுவது வழக்கமில்லை. பாரதத்தை ஆண்டுதோறும் கேட்டு முதிர்ந்த ஒருவர் மௌசல பருவத்தை அறியாமலே இருந்திருக்கலாம்.

நூலைத் திறந்தவர்க்கு மட்டும் அது காத்திருக்கிறது. பார்த்தும் கேட்டும் வந்தவர்கள், அருச்சுனன் கைவலிமை இழந்து வழிப்பறிக்காரரிடம் தோற்கும் பகுதிக்கு முதன்முறையாக இந்தக் கைப்பேசிக் காலத்தில்தான் பெருந்தொகையாக வந்து சேர்ந்திருக்கின்றனர். பிரசங்கியார்களின் ஒலிப்பதிவுகளும் இப்போது இணையத்தில் ஏறுகின்றன. அவை இன்றும் தருமர் முடிசூடும் இடத்திலேயே, தீபாராதனையோடு நிற்கின்றன.